இடைவேளைக்குப் பின் எட்டு வினாடி

நான் சென்னைக்குப் போனது ஒரு பெண்மணியைத் தோற்கடிக்க. வீட்டில் சொன்ன காரணம் வேறு. கூட்டம் இருக்கிறது, நாலே நாள், போன வேகத்தில் வந்துவிடுவேன் என்று மனைவி சரசுவிடம் சொன்னேன். அவள் என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். "யார்கூடயும் வம்பு வளக்காம வாங்க" என்றாள். இருபத்திரண்டு வருடம் கூட இருந்தவளிடம் எதைத்தான் மறைக்க முடியும்?

விஷயம் இதுதான். மலேசியாவில் கிள்ளான் எனக்கு ஊர். அங்கே ஒரு தொழிற்கல்லூரியில் கணினிக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ஒழிந்த நேரமெல்லாம் 'அடிவரி' என்ற மென்பொருளுக்கு ஊழியம். படத்துக்குக் கீழே ஓடும் வசன வரிகளை, பேச்சைக் கேட்டுத் தானாகவே நேரம் பொருத்தித் தருகிற மென்பொருள் அது. யாருக்கும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், விலை கிடையாது. பல நாட்டுக்காரர்கள் இணையத்தில் கூடி அதை வளர்க்கிறோம். தமிழ்ப் பக்கத்தை எட்டு வருடமாக நான்தான் பார்த்துவந்தேன், பட்டம் பதவி எதுவும் இல்லாமல். இந்த வருடம், மொழிக்கு ஒரு பொறுப்பாளரை முறையாகத் தேர்ந்தெடுங்கள் என்று நார்வேயில் இருக்கும் எங்கள் தலைவி இங்ரிட் எழுதிவிட்டார். தமிழ்க்காரர்கள் பதினான்கு பேர். தியாகராய நகரில் ஒரு சின்ன அரங்கில் இரண்டு நாள் கூடி, ஞாயிற்றுக்கிழமை மாலை கை தூக்கி முடிவு செய்வதாக ஏற்பாடு. நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான். இன்னொருவர் பர்வீன்.

பர்வீன் ஒரு வரி நிரல்கூட எழுதியவரில்லை. அவர் எழுதுவதெல்லாம் பிழை அறிக்கை. மென்பொருளில் எங்கே கோளாறு என்று பொதுப் பட்டியலில் எழுதி வைப்பார், எங்களைப் போன்றவர்கள் உட்கார்ந்து சரிசெய்துவிட்டு, தீர்ந்தது என்று அந்த அறிக்கையை மூடுவோம். விரல் தேய நிரல் எழுதியவன் நான், பெயர் வாங்குவது அவர். புதிதாக யாராவது வந்து 'வேலை செய்யவில்லை' என்று ஒற்றை வரி போட்டால், 'பர்வீன் எழுதியதைப் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்' என்று யாரோ ஒருவர் உடனே சுட்டி கொடுப்பார். அதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு வயிறு எரியும். சுற்றி வளைப்பானேன், பொறாமைதான்.

வியாழக்கிழமை காலை மயிலாப்பூரில் இறங்கினேன். இறங்கினேன் என்பதைவிட, இறக்கிவிடப்பட்டேன் என்பது பொருத்தம். பாதாள ரயிலுக்காக வீதியைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். இதற்கு மேல் கார் போகாது என்று ஓட்டுநர் லஸ் முனையில் பெட்டியை எடுத்து நடைபாதையில் வைத்துவிட்டார். தகரத் தடுப்புகளுக்கு நடுவே, பூக்கூடைகளையும் ஸ்கூட்டர்களையும் தாண்டி, பெட்டியை இழுத்துக்கொண்டே நடந்தேன். ஒரு சக்கரம் வழியிலேயே கழன்றுகொண்டது. தங்குவதற்கு மாடியறை தந்த வரதன் வாசலிலேயே நின்றிருந்தார். பதினான்கு பேரில் அவரும் ஒருவர், கூட்டத்தை நடத்துகிறவர். நாலாம் தலைமுறை மயிலாப்பூர்க்காரர்.

முகம் கழுவியதும் என்னைப் பசியாறக் கூட்டிப்போனார். பொங்கலும் வடையும் வந்தன. பொங்கலில் நெய் மேலே மிதக்கவில்லை, உள்ளேயே இருந்தது. எங்கள் ஊரில் ரொட்டி சானாயும் தே தாரே என்கிற நுரை டீயும் என்ன குறைச்சல் என்று மனசுக்குள் வாதாடிப் பார்த்தேன். காபி ஒரு வாய் உள்ளே போனதும் வாதம் தோற்றது. தெருவில் பஞ்சர் கடை முதல் பத்திரம் எழுதும் கடை வரை எல்லாப் பலகையிலும் தமிழ். நாங்கள் ஒரு பலகையில் ஒரு வரித் தமிழ் சேர்ப்பதற்குள் மூன்று கூட்டம் போட வேண்டும். இங்கே இருப்பவர்கள் அதை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

காபி ஆறுவதற்குள் வரதன் பேச்சை எடுத்துவிட்டார். "பர்வீன் எழுதறதைப் படிச்சா, நாமளே அவா பக்கத்துல உக்காந்துண்டு பாத்தாப்ல இருக்கும், இல்லையோ?" என்றார். ஆமாம் என்று வடையைப் பிய்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் பர்வீனை ஒரு வகுப்பு எடுக்கச் சொல்லியிருப்பதாகவும், அந்த இடைவேளை அறிக்கையைத்தான் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டப்போவதாகவும் அடுத்துச் சொன்னார். மீதி வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

இடைவேளை அறிக்கை என்றால் எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். பதினான்கு மாதம் முன்பு பர்வீன் எழுதியது. படம் ஓடி ஒரு மணி பன்னிரண்டு நிமிடத்தில் 'இடைவேளை' என்ற அட்டை வருகிறது, அது எட்டு வினாடி நிற்கிறது, அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு வரியும் எட்டு வினாடி பிந்துகிறது. அட்டையை வெட்டிவிட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. மூன்று படங்களில் இப்படி. நான்காவது படத்தில் அட்டையே இல்லை, அதில் பிந்தவும் இல்லை. கதாநாயகி அழுகிற இடத்தில் வில்லனின் மிரட்டல் கீழே ஓடுவதால் பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். இவ்வளவுதான் அறிக்கை. தமிழில் ஓர் எழுத்தும் தெரியாத இங்ரிட், இதை மொழிபெயர்த்துப் படித்துவிட்டு ஒரே நாளில் பிழையைக் கண்டுபிடித்தார்.

அதற்கு முன்னால் அந்த அறிக்கை என்னிடம் வந்தது. நான் எழுதிய பதில் மூன்று வாக்கியம்: 'என் கணினியில் சரியாகத்தான் வருகிறது. முதலில் மென்பொருளைப் பழகிவிட்டு வாருங்கள். மூடுகிறேன்.' அதற்கு அந்த அம்மாள், 'பார்த்ததற்கு நன்றி. எந்தப் பிரதியில் பார்த்தீர்கள் என்று சொன்னால் நானும் அதில் பார்க்கிறேன்' என்று எழுதினார். கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். நன்றி சொன்னவரிடம் என்ன சொல்வது? பதில் போடவில்லை. பிற்பாடு கேட்டவர்களிடமெல்லாம், எங்கள் ஊர்த் தொலைக்காட்சிப் பிரதியில் பார்த்தேன், அதில் இடைவேளை அட்டையை வெட்டிவிடுவார்கள், என் மேல் தப்பில்லை என்று சொல்லிவந்தேன். அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். ஆனாலும் அந்த மூன்று வாக்கியமும் என் பெயரோடு அங்கேயே இருந்தன. ஞாயிற்றுக்கிழமை அவை சுவர் அகலத்துக்கு வரும். அரை மணி கழித்துக் கை தூக்குவார்கள்.

வெள்ளிக்கிழமை பர்வீனே மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். கோடம்பாக்கத்தில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்கிறார். வரதனுக்கு வேறு வேலை இருந்ததால் நான் மட்டும் ஆட்டோவில் போனேன். கோடம்பாக்கம் மேம்பாலத்தில் பாதி ஏறியதும் வண்டி இரண்டு தடவை விக்கி நின்றது. பின்னால் வந்த பேருந்துக்காரர் எங்கள் இருவர் குடும்பத்தையும் விசாரித்தார். இறங்கித் தள்ளினேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மெக்கானிக் கடை. இது போன்ற இடங்களில் நான் 'வண்டி சரியில்லை' என்பேன், மெக்கானிக் பாதி வண்டியைப் பிரிப்பார். ஆட்டோக்காரர் அப்படிச் சொல்லவில்லை.

"ஸ்டார்ட் ஆவச்சொல்லோ ஒண்ணியும் இல்ல நைனா. ரெண்டாவது கியர்ல மேடு ஏறச்சொல்லோ மட்டும் விக்குது. நேத்து சாங்காலம் கேஸ் போட்டதுலர்ந்து கீது, அதுக்கு மின்ன இல்ல."

மெக்கானிக் மறு பேச்சுப் பேசாமல் ஓரிடத்தில் கையை விட்டார். பத்து நிமிடத்தில் வண்டி கிளம்பியது. ஆட்டோக்காரர் மேல்கூட எனக்கு எரிச்சல் வந்தது என்றால் என் அன்றைய நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

பர்வீனுக்கு ஏறத்தாழ என் வயதுதான். நரைத்த முடியின் மேல் முக்காடு, மூக்கில் கண்ணாடி, கையில் மூன்றடுக்குச் சாப்பாட்டுப் பாத்திரம். ராயப்பேட்டையில் நான்கு தலைமுறையாக இருக்கும் குடும்பம், வீட்டில் உருது, வெளியே சுத்தமான மெட்ராஸ் தமிழ். எனக்காகக் காலையிலேயே எழுந்து சோறும் தால்சாவும் கத்திரிக்காய்ப் பச்சடியும் செய்து கொண்டுவந்திருந்தார். தால்சாவில் மாங்காய் போட்டிருந்தது. நான் மூன்று முறை போட்டுக்கொண்டேன். இப்படிச் சமைக்கவும் செய்கிறாரே என்று நான்காவது முறை போட்டுக்கொள்ளும்போது நினைத்தேன்.

சாப்பிட்டுக்கொண்டே அவர் கதையைச் சொன்னார். இருபது வருடம் படப்பிடிப்புகளில் கன்டினியூட்டி பார்த்தவராம். ஒரு காட்சியில் பாதியை இன்றைக்கு எடுப்பார்கள், மீதியைப் பத்து நாள் கழித்து எடுப்பார்கள். அன்றைக்கு டம்ளர் எந்தக் கையில் இருந்தது, காபி எவ்வளவு குறைந்திருந்தது, எத்தனை வளையல், முந்தானை எந்தத் தோளில் என்று ஒருவர் எழுதி வைக்க வேண்டும். தப்பினால் படத்தில் வளையல் முளைக்கும், மறையும். அந்த நோட்டுகளில் ஒன்றை எடுத்துக் காட்டினார். பக்கம் பக்கமாகக் கை, டம்ளர், வளையல். பத்துப் பக்கம் புரட்டினேன். ஓர் இடத்தில்கூட எரிச்சல் இல்லை. அந்த டைரக்டர் படுமோசமானவர் என்று இப்போதுதான் சொல்லி முடித்திருந்தார். நோட்டில் அது வரவேயில்லையே என்று கேட்டேன்.

"பாத்தத மட்டும்தான் சார் எழுதுவேன். கோவத்த எழுதிவெச்சா, பத்து நாள் கழிச்சு ஷூட்டிங்ல அத்த வெச்சுக்கினு இன்னா பண்றது?" என்றார்.

என் மூன்று வாக்கியத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை எடுக்கவில்லை. குத்தலாக ஒரு பார்வைகூட இல்லை. கிளம்பும்போது, ஊருக்குப் போகிறவருக்கு வழிக்கு ஆகும் என்று ஒரு பெட்டி பிஸ்கட் வேறு கொடுத்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது. நல்லவராகவும் இருந்து, நன்றாகவும் எழுதி, தால்சாவும் வைத்தால் எதிரே நிற்கிறவன் எங்கேதான் போவான்?

அன்று சாயங்காலம் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனேன். ஊரூர் குப்பத்துப் படகுகள் வரிசையாக மணலில் ஏறிக் கிடந்தன. குப்பத்தின் பக்கம் பெண்கள் மீன் கூறு போட்டு விற்றார்கள். எங்கள் ஊர்ச் சந்தையில் மீன் ஐஸில் படுத்திருக்கும், விலையட்டை பேசும், விற்கிறவர் பேசமாட்டார். இங்கே வாங்காதவனிடமும் பேசினார்கள். நான் கைப்பேசியைப் பார்த்தபடி ஒரு கூறுக்கு முன்னால் நின்றுவிட்டேன் போலிருக்கிறது. வாங்குவதானால் வாங்கு, இல்லாவிட்டால் வெளிச்சத்தை மறைக்காதே என்று ஒரு அம்மாள் சொன்னார். நகர்ந்துபோய்ப் பொரித்த மீன் வாங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்தேன்.

கைப்பேசியில் இருந்தது அந்த அறிக்கை. விளம்பரமோ ஆபாசமோ வந்தால் நீக்குவதற்காக, தமிழ்ப் பட்டியலில் எந்தப் பதிலையும் அழிக்கும் உரிமையை இங்ரிட் எனக்குத் தந்திருந்தார். எட்டு வருடத்தில் அதை இருபது தடவை பயன்படுத்தியிருப்பேன், எல்லாம் குப்பை. இதுவும் குப்பைதானே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு என் மூன்று வாக்கியத்தின் மேல் விரலை வைத்தேன். உறுதியா என்று கேட்டது. உறுதி என்றேன். போயிற்று. மீன் நன்றாக இருந்தது, இன்னொன்று வாங்கினேன்.

சனிக்கிழமை நான் நடந்துகொண்டதைப் பார்த்திருந்தால் சரசுவே யார் இவர் என்று கேட்டிருப்பாள். அரங்கில் எல்லோரிடமும் சிரிக்கச் சிரிக்கப் பேசினேன். சந்தேகம் கேட்டவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். இரண்டு பேர் என்னிடம் வந்து, உங்களுக்குத்தான் கை தூக்கப் போகிறோம் என்று காதோடு சொன்னார்கள். மதியம் சரசுவுக்குப் புடவை எடுக்கத் தெருவில் இறங்கினேன். தியாகராய நகரில் சனிக்கிழமை நடப்பது என்பது நாம் நடப்பதல்ல, கூட்டம் நம்மைக் கொண்டுபோய் ஒரு கடையில் சேர்க்கும். என்னைப் பாத்திரக் கடையில் சேர்த்தது. அங்கிருந்து தப்பித்துப் புடவைக் கடைக்குள் நுழைய முக்கால் மணி ஆயிற்று. ஒரு நீலப் புடவை எடுத்தேன். பொறுப்பாளர் வாங்கித் தந்தது என்று சொல்லிக் கொடுக்கலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பர்வீனின் வகுப்பு. அறிக்கையைச் சுவரில் போட்டு, மேலிருந்து கீழே மெதுவாகப் படித்துக்கொண்டு வந்தார். என்ன செய்தேன், எதை எதிர்பார்த்தேன், எதைப் பார்த்தேன் என்று மூன்றையும் கலக்காமல் தனித்தனியே சொல்ல வேண்டும் என்றார். பதில்கள் பகுதி வந்தது. நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். அவர் நிறுத்தினார். கொஞ்சம் மேலே போனார். மறுபடி கீழே வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இங்க ஒரு பதிலு காணோம். என் நன்றி கீது. யாருக்கு நன்றி சொன்னேன்? ஆளக் காணோம்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சுவரில் 'பார்த்ததற்கு நன்றி' என்ற வரி அந்தரத்தில் நின்றது. டம்ளர் எந்தக் கையில் இருந்தது என்று இருபது வருடம் பார்த்த பெண்மணியிடம் இந்த வேலையைக் காட்டியிருக்கிறேனே என்று அப்போதுதான் உறைத்தது. முன்வரிசையில் கார்த்தி என்பவர், யாரோ வேண்டுமென்றே தூக்கியிருக்கிறார்கள் மேடம் என்றார். பாதிப் பேர் ஆமாம் என்றார்கள். அது யாருடைய பதில் என்று அவர்களில் பலருக்கு நினைவில்லை. பர்வீனுக்கு நினைவில்லாமல் இருக்குமா? என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"இருக்கலாம். ஆனா நாம அத்த பாக்கல. பாக்காதத எழுதக்கூடாது. நல்லதாப் போச்சு, இத்தையே இப்ப ரிப்போர்ட்டா எழுதுவோம், நீங்களும் பாருங்க" என்றார்.

இரண்டு விரலால் நிதானமாகத் தட்டினார். சுவரில் ஒவ்வோர் எழுத்தாக வந்தது. தலைப்பு: ஒரு பதில் காணவில்லை. செய்தது: அறிக்கையைத் திறந்து பதில்களை வரிசையாகப் படித்தேன். எதிர்பார்த்தது: என் நன்றிக்கு மேலே ஒரு பதில். வியாழக்கிழமை இதே வகுப்புக்குத் தயார் செய்தபோது அங்கே இருந்தது. பார்த்தது: அது மட்டும் இல்லை, மற்றவை அப்படியே இருக்கின்றன. வேறு மூன்று அறிக்கைகளைத் திறந்து பார்த்தேன், எதிலும் எதுவும் குறையவில்லை. உண்மையாகவே மூன்றைத் திறந்து எல்லோருக்கும் காட்டிவிட்டுத்தான் அந்த வரியை எழுதினார். காரணம் என்ற கட்டம் வந்தது. யாரோ அழித்துவிட்டார்கள் என்று போடுங்கள் என்றார் கார்த்தி. பர்வீன் 'தெரியவில்லை' என்று போட்டார். அதன் கீழே, 'நேரம் கிடைக்கும்போது பார்த்தால் போதும், நன்றி' என்று சேர்த்து அனுப்பினார்.

தமிழ் அறிக்கைகள் எல்லாம் எனக்குத்தான் வரும். என் சட்டைப்பையில் மணி அடித்தது. பதின்மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"குணா, உங்களுக்குத்தான் வந்திருக்கு. சர்வர்ல எதானும் போயிடுத்தா பாருங்கோ" என்றார் வரதன்.

பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, தேநீர் இடைவேளையில் தெருவுக்கு வந்தேன். எவ்வளவு சுலபம். சேவையகத்தில் கோளாறு, சரிசெய்துவிட்டேன் என்று எழுதினால் நம்பாதவர் யாருமில்லை. அரை மணியில் வாக்கெடுப்பு. முனைக் கடையில் டீ வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு சரசுவை அழைத்தேன். புடவை நிறத்தைச் சொன்னேன். வெயிலைப் பற்றிச் சொன்னேன். பிறகு அந்தப் பதில் காணாமல் போன கதையை, வேறு யாருக்கோ நடந்ததுபோலச் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டாள்.

"அழிச்சது நீங்களா?" என்றாள். நான் டீயை ஊதினேன். "அந்தம்மாதானே வெள்ளிக்கிழமை உங்களுக்குச் சோறு போட்டாங்க?" என்று கேட்டுவிட்டு, அடுப்பில் ஏதோ இருப்பதாக வைத்துவிட்டாள்.

டீயை அப்படியே பலகையில் வைத்துவிட்டு மேலே வந்தேன். மூலையில் உட்கார்ந்து அறிக்கைக்குப் பதில் எழுதினேன். அழித்தது நான். வெள்ளிக்கிழமை மாலை, பெசன்ட் நகர் கடற்கரையில், கைப்பேசியிலிருந்து. அந்தப் பதிலை எழுதியவனும் நான். அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை, ஆனால் எனக்கு மனப்பாடம், அது இதுதான் என்று மூன்று வாக்கியத்தையும் எழுத்துப் பிசகாமல் தட்டினேன். பர்வீனிடமும் மற்றவர்களிடமும் மன்னிப்புக் கேட்டேன். அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். அவர் எழுதுவதைப்போல வந்திருக்கிறதா என்று அப்போதும் பார்த்தேன், என்ன சொல்ல. அனுப்பினேன். பதில்கள் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் போகும், பதின்மூன்று கைப்பேசிகளிலும் மணி அடித்தது.

எல்லோரும் படித்து முடித்தார்கள். வரதன் தொண்டையைச் செருமிக்கொண்டு வாக்கெடுப்பை ஆரம்பித்தார். பர்வீனுக்குப் பதினொரு கை. அதில் ஒன்று என்னுடையது, அரைக் கை என்றே வைத்துக்கொள்ளுங்கள், தோளுக்கு மேல் போகவில்லை. எனக்கு மூன்று. சனிக்கிழமை காதோடு சொன்ன இரண்டு பேர், பாவம், சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். மூன்றாவது கை பர்வீனுடையது. நேராக, தலைக்கு மேலே தூக்கியிருந்தார். தோற்றதுகூட அவ்வளவாக வலிக்கவில்லை, அந்தக் கைதான் வலித்தது. அதைத் தூக்கும் மனசு எனக்கு வராது என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

எல்லோரும் கிளம்பிய பிறகு, பட்டியலின் உரிமைகளை அவர் பெயருக்கு மாற்றிக் கொடுக்கப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு நிமிட வேலை. எட்டு வருடம் இரண்டு நிமிடத்தில் கை மாறியது. முடிந்ததும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"சார், ஒண்ணே ஒண்ணு பாக்கி. அன்னிக்கு எந்தக் காப்பில பாத்தீங்க? டிவி காப்பின்னு வரதன் சார் சொன்னாரு. எந்தப் படம்?"

படத்தின் பெயர் ஒன்றைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் உடனே நோட்டை எடுத்துவிட்டார், எழுதிக்கொள்வதற்கு. இந்த நேரத்திலும் என்னைச் சோதிக்கவில்லை, நம்பித்தான் கேட்கிறார்.

"எதுலயும் பாக்கலம்மா. மென்பொருளைத் திறக்கவே இல்ல. உங்க பேரைப் பார்த்தேன், மூடிட்டேன்" என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். முதல் தடவையாக அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். எனக்கு அதில் சந்தோஷம் வரவில்லை என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

"அத்தையும் எழுதிடுங்க சார். இல்லாங்காட்டி டிவி காப்பில சரியா வருதுன்னு படிக்கறவங்க நம்பிக்கினு இருப்பாங்க" என்றார்.

எழுதினேன். அவர் 'தெரியவில்லை' என்று விட்டிருந்த காரணக் கட்டத்தை மாற்றலாமா என்று கேட்டேன். உங்களுக்குத் தெரிந்தால் மாற்றுங்கள் என்றார். காட்சிப் பிழை, தரவுப் பிழை, சேவையகப் பிழை, மற்றவை என்று நான்கு வந்தன. மற்றவை என்பதைத் தேர்ந்து, அதன் எதிரே 'பொறாமை' என்று தட்டினேன். உலகத்தில் எங்கிருந்தும் யாரும் படிக்கலாம். பர்வீன் குனிந்து படித்தார்.

"இப்ப எல்லாம் வந்துச்சு. மூடிடலாமா சார்?" என்று கேட்டார். மூடும் உரிமை இப்போது அவருடையது.

"இன்னும் சரியாகலம்மா. திறந்தே இருக்கட்டும்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை, சரி என்று தலையாட்டினார். மறுநாள் நான் ஊருக்கு வந்துவிட்டேன். அந்த அறிக்கை இன்றும் பட்டியலில் திறந்துதான் கிடக்கிறது. போன வாரம் பர்வீனின் புதிய அறிக்கை ஒன்றைப் பாராட்டி இங்ரிட் ஒரு பத்தி எழுதியிருந்தார். படித்து முடித்ததும் அந்தத் திறந்த அறிக்கைக்குப் போய், நாளும் நேரமும் போட்டு ஒரு வரி சேர்த்துவிட்டு வந்தேன்: மறுபடியும் நிகழ்ந்தது.